காய்கறித் தராசில் தங்கம்: பி அண்ட் ஜி ஓட்டுக் கணக்கு, 2017

முன்பு வேலை பார்த்த ஒரு அமெரிக்கக் கம்பெனி சம்பளத்தோடு கொஞ்சம் பங்குகளும் கொடுத்தது. ஆர்.எஸ்.யூ. என்பார்கள், நம்ம துறையில் பலரிடமும் இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை புரோக்கரிடமிருந்து "உங்கள் வாக்கைப் பதிவு செய்யுங்கள்" என்று மெயில் வரும். படிக்காமலே அழித்துவிடுவேன்.

ஒரு வருஷம் மட்டும் மெயில்கள் வரிசையாக வந்தன. வெளியிலிருந்து ஒரு முதலீட்டாளர் இயக்குநர் குழுவில் இடம் கேட்டுப் போட்டியிட்டார். ஆர்வத்தில் உட்கார்ந்து அவருடைய அறிக்கையை முழுசாகப் படித்தேன். சரியென்று பட்டது, அவருக்கே ஓட்டுப் போட்டேன். பத்து நாள் கழித்து இன்னொரு மெயில். போட்டதை உறுதி செய்யச் சொல்கிறார்கள் போல என்று நினைத்து, திரையில் பெரிதாக இருந்த பட்டனை அழுத்திவிட்டேன். அது நிர்வாகத்தின் பரிந்துரைப்படி ஓட்டுப் போடும் பட்டன். பின்னால் போட்ட ஓட்டு முன்னால் போட்டதை ரத்து செய்யும் என்பது விதி. ஆக, யாரை வேண்டாம் என்று முடிவு செய்தேனோ அவர்களுக்கே என் ஓட்டைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். விஷயம் தெரிந்தபோது கூட்டமே முடிந்துவிட்டது.

என்னிடம் இருந்தது சில டஜன் பங்குகள், அதனால் யார் தலையெழுத்தும் மாறியிருக்காது. ஆனால் இருபது வருஷமாக டேட்டாபேஸோடு மாரடிக்கிறவனுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? "இந்த ஓட்டுகளை உண்மையில் எப்படித்தான் எண்ணுகிறார்கள்?" என்று தேட ஆரம்பித்தேன். தேடல் கொண்டுபோய் நிறுத்திய இடம், ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியின் 2017 ஆண்டுப் பொதுக்கூட்டம்.

மூன்று முடிவுகள்

டைடு, ஏரியல், ஜில்லெட், பேம்பர்ஸ் எல்லாம் பி அண்ட் ஜி சரக்குதான். நெல்சன் பெல்ட்ஸ் என்ற முதலீட்டாளரின் ட்ரையன் நிதி நிறுவனம் இதில் சுமார் 350 கோடி டாலர் பங்குகளை வைத்திருந்தது. மொத்தப் பங்குகளில் அது ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். கம்பெனி மந்தமாகிவிட்டது, நிர்வாக அடுக்குகள் பெருத்துவிட்டன என்பது அவருடைய குற்றச்சாட்டு. 11 பேர் கொண்ட குழுவில் தனக்கு ஒரே ஒரு நாற்காலி கேட்டார். தலைமை நிர்வாகி டேவிட் டெய்லரும் குழுவும் மறுத்தார்கள். விஷயம் ஓட்டுக்குப் போனது.

அந்தச் சண்டைக்காகத் தாங்கள் செய்யும் செலவு என்று கம்பெனி மதிப்பிட்டது 3.5 கோடி டாலர், ட்ரையன் மதிப்பிட்டது 2.5 கோடி டாலர். அதுவரை நடந்த இந்த வகைப் போட்டிகளில் இதுவே மிகப் பெரியது என்று எழுதினார்கள். இனி முடிவைப் பாருங்கள்.

அக்டோபர் 10: கூட்டம் நடந்த அன்றே "நாங்கள் ஜெயித்துவிட்டோம்" என்று கம்பெனி அறிவித்தது. அதன் முதற்கட்டக் கணக்குப்படி பெல்ட்ஸ் சுமார் 61.5 லட்சம் ஓட்டில் தோற்றார்.

நவம்பர் 15: தேர்தல் ஆய்வாளராக நியமிக்கப்பட்ட ஐ.வி.எஸ். என்ற சுயேச்சை நிறுவனத்தின் எண்ணிக்கை வந்தது. பெல்ட்ஸ் 42,780 ஓட்டில் ஜெயித்தார்.

டிசம்பர் 15: இரு தரப்பும் சீட்டுகளை ஆட்சேபித்து வாதாடி முடித்தபின் இறுதிக் கணக்கு. பெல்ட்ஸ் 4,98,312 ஓட்டில் தோற்றார்.

அதே டிசம்பர் 15 அன்று இன்னொரு அறிவிப்பும் வந்தது. தோற்றுப்போன பெல்ட்ஸை 2018 மார்ச் 1 முதல் இயக்குநராக நியமிக்கிறோம் என்று கம்பெனியே சொன்னது. குழுவை 13 பேராகப் பெரிதாக்கிவிட்டார்கள். பழைய நாற்காலி யாருக்கும் பறிபோகவில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் "பார்த்தீர்களா, ஒவ்வொரு ஓட்டும் முக்கியம்" என்று முடிப்பார்கள். எனக்கு அது தலைகீழ் பாடமாகத் தெரிகிறது.

பிழையை விடச் சின்ன வெற்றி

ஒரு எளிய கழித்தல் கணக்கு போடுவோம். நவம்பரில் பெல்ட்ஸ் 42,780 முன்னால் இருந்தார், டிசம்பரில் 4,98,312 பின்னால் போனார். அதாவது கடைசித் திருத்தம் மட்டுமே 5,41,092 ஓட்டு. வெற்றி வித்தியாசம் அதைவிடக் குறைவு. அக்டோபருக்கும் நவம்பருக்கும் நடுவில் நடந்த திருத்தமோ சுமார் 62 லட்சம், அதாவது இறுதி வித்தியாசத்தைப் போல பன்னிரண்டு மடங்கு.

காய்கறிக் கடைத் தராசில் தங்கம் நிறுத்தால் என்ன ஆகும்? முள் எங்கோ ஒரு இடத்தில் நிற்கத்தான் செய்யும். கடைக்காரர் ஒரு எண்ணைச் சொல்லத்தான் செய்வார். ஆனால் முள் ஆடுகிற ஆட்டமே அரை சவரன் என்றால், கால் சவரன் வித்தியாசத்தை நம்பி யாரும் காசு கொடுக்க மாட்டோம். கம்பெனியில் இருந்த பங்குகள் 250 கோடிக்கு மேல். அதில் இறுதி வித்தியாசம் சுமார் 0.02 சதவீதம். நவம்பர் வித்தியாசம் 0.0016 சதவீதம். இந்த நுணுக்கத்துக்கு அளக்கும் கருவி இங்கே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இல்லை என்பது என் வாதம். இதில் யாரும் ஏமாற்றினார்கள் என்று சொல்லவில்லை. எல்லாரும் நேர்மையாக நடந்தாலும் இப்படித்தான் ஆகும். காரணம், அமைப்பின் அடித்தளத்திலேயே இருக்கிறது.

பங்கு யார் பெயரில் இருக்கிறது?

1960-களின் கடைசியில் அமெரிக்கப் பங்குச் சந்தை காகிதத்தில் மூழ்கிக்கொண்டிருந்தது. விற்றால் வாங்கினால் பங்குப் பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். வேலை குவிந்துபோய், 1968-ல் கணக்குத் தீர்ப்பதற்காகவே நியூயார்க் சந்தையைப் புதன்கிழமைகளில் மூடினார்கள். தீர்வாக 1973-ல் டி.டி.சி. என்ற வைப்பகம் வந்தது. பத்திரங்களையெல்லாம் ஒரே இடத்தில் பூட்டி, எல்லாவற்றையும் "சீட் அண்ட் கோ" என்ற ஒரே பெயரில் பதிவு செய்துவிட்டார்கள். அதன்பின் பத்திரம் நகராது, புத்தகத்தில் எண் மட்டும் நகரும்.

வியாபாரத்துக்கு இது அற்புதமான தீர்வு. ஓட்டுக்கு இது தலைவலி. கம்பெனியின் பதிவேட்டைத் திறந்தால் பெரும்பகுதி பங்குகளுக்கு உரிமையாளர் சீட் அண்ட் கோ. அதற்குக் கீழே வங்கிகளும் புரோக்கர்களும். சில சமயம் அவர்களுக்குக் கீழே இன்னொரு புரோக்கர். எல்லாவற்றுக்கும் அடியில்தான் என்னைப் போன்ற ஆள். ஓட்டுரிமை மேலிருந்து கீழே இறங்கி வர வேண்டும், என் விருப்பம் கீழிருந்து மேலே ஏறிப் போக வேண்டும். புரோக்கர்களுக்காக இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்வது பிராட்ரிட்ஜ் என்ற ஒரே நிறுவனம்.

இதுல இன்னொரு சிக்கல், புரோக்கரிடம் இருக்கும் பங்குகள் மொத்தக் குவியலாக இருக்கும். இந்தக் குறிப்பிட்ட பங்கு இன்னாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கடன் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளரின் பங்குகளைப் புரோக்கர் வேறொருவருக்கு இரவல் கொடுக்கலாம். இரவல் வாங்கியவர் அதை விற்கிறார், வாங்கிய மூன்றாமவருக்கு ஓட்டு போகிறது. இரவல் போன விஷயமே தெரியாத முதல் ஆளும் "என் பங்கு, என் ஓட்டு" என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஒரு பங்குக்கு இரண்டு பேர் ஓட்டுப் போட வந்து நிற்பார்கள். புரோக்கர் தன் மொத்த எண்ணிக்கைக்குள் எப்படியாவது அடக்கிச் சரிசெய்வார்.

இது கற்பனை இல்லை. டோல் என்ற பழக் கம்பெனியை 2013-ல் அதன் தலைவரே விலைக்கு வாங்கியது தொடர்பான வழக்கில், இழப்பீடு பெறத் தகுதியான பங்குகள் சுமார் 3.68 கோடி. உரிமை கோரி வந்த பங்குகளோ சுமார் 4.92 கோடி. டெலவேர் நீதிபதி டிராவிஸ் லாஸ்டர் 2017 பிப்ரவரியில் எழுதிய தீர்ப்பில் இதை அலசியிருக்கிறார். பொய்யாகக் கோரியவர்கள் என்று யாரையும் சொல்லவில்லை. கடைசி நாட்களில் நடந்து கணக்குத் தீராமல் நின்ற வியாபாரமும், இரவல் வாங்கி விற்ற பங்குகளும் சேர்ந்தே இத்தனை கூடுதல் பங்குகளை உண்டாக்கிவிட்டன.

நம்ம ஆட்களுக்குப் பழக்கமான தவறுகள்

மென்பொருள் எழுதுகிறவர்கள் இன்னும் இரண்டு சம்பவங்களைப் படிக்க வேண்டும்.

2008-ல் யாஹூ கூட்டத்தில் ஜெர்ரி யாங்குக்கு ஆதரவு சுமார் 85 சதவீதம் என்று அறிவித்தார்கள். இவ்வளவு எதிர்ப்பு இருந்தும் எப்படி என்று பெரிய பங்குதாரர் ஒருவருக்கே சந்தேகம் வந்து கேட்டபின் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்ப்பு ஓட்டுகளின் எண்ணிக்கை வெட்டுப்பட்டுப் பதிவாகியிருந்தது. சரியான ஆதரவு சுமார் 66 சதவீதம். எண்ணுக்கு ஒதுக்கிய இடம் போதாமல் இலக்கம் வெட்டுப்படுவது கல்லூரி இரண்டாம் வருஷத்தில் நாம் எல்லாரும் செய்த தப்பு.

இரண்டாவது, டெல் கம்பெனியை 2013-ல் மைக்கேல் டெல் தனியாருக்கு மாற்றியபோது நடந்தது. டி. ரோவ் ப்ரைஸ் என்ற நிதி நிறுவனம் அதைப் பகிரங்கமாக எதிர்த்தது. ஓட்டும் எதிர்த்தே போட்டது. கூட்டம் தள்ளிப்போனது. ஓட்டு மென்பொருளில் தள்ளிப்போன கூட்டத்துக்குப் புதுப் பதிவு உருவானது. புதுப் பதிவில் பழைய ஓட்டு ஏறவில்லை, "நிர்வாகம் ஆதரித்தால் நாமும் ஆதரவு" என்ற டீஃபால்ட் ஏறிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. சுமார் 3.1 கோடி பங்குகள் தான் எதிர்த்த திட்டத்துக்கே ஆதரவாகப் போயின. அதனால் கூடுதல் விலை கேட்டு நீதிமன்றம் போகும் உரிமையே பறிபோனது. 2016-ல் அந்த நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொந்தக் கையிலிருந்து 19.4 கோடி டாலர் கொடுத்தது.

தொழில்முறை ஆட்களும் வக்கீல்களும் வைத்திருக்கும் நிறுவனத்துக்கே இந்தக் கதி. பட்டனை மாற்றி அழுத்திய நான் எம்மாத்திரம்!

பாம்புக் குழியில் என்ன நடக்கும்?

மறுபடி பி அண்ட் ஜி-க்கு வருவோம். அந்தக் கம்பெனியின் பங்குகளில் சுமார் 40 சதவீதம் தனிநபர்கள் கையில் இருந்தது. ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், தாத்தா காலத்துப் பங்கை வைத்திருக்கும் குடும்பங்கள். இரு தரப்பும் இவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சீட்டு அனுப்பின. கம்பெனியின் சீட்டு நீலம், ட்ரையனின் சீட்டு வெள்ளை. தேதியில் கடைசியாக இருக்கும் சீட்டே செல்லும். நம்ம மொழியில் சொன்னால் கடைசியாக எழுதியது நிற்கும். ஆனால் டைம்ஸ்டாம்ப் போடுவது கணினி இல்லை, பேனா பிடித்த ஒரு பெரியவர். தேதி போட மறந்தால்? கணவன் மனைவி இருவர் பெயரில் உள்ள பங்குக்கு ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டால்? இறந்தவர் பெயரில் மகன் போட்டால்?

இந்தச் சீட்டுகளை மேசையில் பரப்பி, இரு தரப்பு ஆட்களும் ஒவ்வொன்றாக ஆட்சேபிக்கும் கட்டத்துக்கு அந்தத் தொழிலில் "பாம்புக் குழி" என்று பெயர். 42,780 முன்னிலை 4,98,312 பின்னடைவாக மாறியது இந்த ஆட்சேபக் கட்டத்துக்கு அப்புறம்தான். பங்குதாரர் எதை விரும்பினார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எந்தத் தாள் செல்லும் என்பது மட்டுமே கேள்வி.

என் விமரிசனம் இந்த இடத்தில்தான். அளவீட்டின் தரம் இதுதான் என்று கம்பெனிக்கும் தெரியும், அதன் ஆலோசகர்களுக்கும் தெரியும். மார்செல் கஹன், எட்வர்ட் ராக் என்ற இரண்டு சட்டப் பேராசிரியர்கள் 2008-லேயே நீண்ட கட்டுரை எழுதி இந்த ஓட்டைகளை வகைப்படுத்திவிட்டார்கள். தெரிந்தும் அக்டோபர் 10 அன்றே வெற்றி அறிவித்தது பொறுப்பான செயல் இல்லை. "கணக்கு நெருக்கமாக இருக்கிறது, ஆய்வாளர் சொல்லட்டும்" என்று ஒரு வரி போதும். அந்த வரிக்குப் பதில் வெற்றி முழக்கம் வந்ததால், பின்னால் வந்த இரண்டு திருப்பங்களும் முறைகேடு போல வெளியே தெரிந்தன.

டிசம்பர் முடிவை மட்டும் நான் பாராட்டுகிறேன். "ஜெயித்தது நாங்கள்தான், ஆனால் பாதிப் பேர் அவரைக் கேட்கிறார்கள்" என்று புரிந்துகொண்டு இடம் கொடுத்தார்கள். தராசை நம்பாமல் தராசு காட்டிய உண்மையை மதித்த செயல் அது. பெல்ட்ஸ் 2021 வரை அந்தக் குழுவில் இருந்தார். ஆனால் இது குழுவின் பெருந்தன்மையால் கிடைத்தது. விதி எதுவும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. இன்னொரு குழு 4,98,312-ஐக் காட்டிக் கதவைச் சாத்தியிருந்தால் சட்டப்படி அதுவும் சரியே.

சீட்டைத் திருத்தினார்கள், குழாயைத் திருத்தவில்லை

அதன்பின் எதுவும் மாறவில்லையா என்றால், மாறியது. அப்போது ஒவ்வொரு தரப்பும் தனிச் சீட்டு அடித்ததால், தபாலில் ஓட்டுப் போடுபவர் இரு பட்டியலிலிருந்தும் தனக்குப் பிடித்தவர்களைக் கலந்து தேர்ந்தெடுக்க முடியாது. கூட்டத்துக்கு நேரில் போனால்தான் முடியும். பெல்ட்ஸின் வெள்ளைச் சீட்டு, மெக்சிகோவின் முன்னாள் அதிபர் எர்னஸ்டோ ஸெடியோ ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்ற பத்துப் பேரையும் ஆதரித்தது. தான் ஜெயித்தால் ஸெடியோவையும் திரும்பச் சேர்க்கச் சொல்வேன் என்று பெல்ட்ஸே சொல்லியிருந்தார். வேட்பாளர்கள் மோதவில்லை, சீட்டின் வடிவம் அவர்களை மோத வைத்தது. 2021 நவம்பரில் அமெரிக்கச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம், இரு தரப்பு வேட்பாளர்களும் ஒரே சீட்டில் இருக்க வேண்டும் என்று விதி செய்தது. 2022 ஆகஸ்ட் 31-க்குப் பிந்தைய கூட்டங்களுக்கு இது அமலில் இருக்கிறது. நல்ல விதி. ஆனால் சீட்டு கையை விட்டுப் போனபின் ஏறிப் போகும் சங்கிலி அப்படியேதான் இருக்கிறது.

2024-ல் டிஸ்னி குழுவுக்குப் போட்டியிட்டு பெல்ட்ஸ் சுமார் 31 சதவீதம் மட்டும் வாங்கித் தோற்றபோது எண்ணிக்கையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வித்தியாசம் பெரிதாக இருந்தால் எந்தத் தராசும் சரியான தராசுதான்.

"பிளாக்செயின் போட்டால் தீர்ந்துவிடும்" என்று நம்ம ஆட்கள் கிளம்புவார்கள், தெரியும். நீதிபதி லாஸ்டரே ஒருமுறை அந்தத் திசையில் பேசியிருக்கிறார். எனக்கு அரை மனது. பதிவேடு தெளிவாகும், உண்மை. ஆனால் பங்கை இரவல் விட்டவருக்கு ஓட்டு உண்டா, வாங்கியவருக்கு உண்டா என்பது கொள்கை முடிவு, எந்தத் தொழில்நுட்பமும் அதைச் சொல்லாது. சங்கிலியைச் சுருக்கப் புதுக் கண்டுபிடிப்பே தேவையில்லை என்பதற்கு நம்ம ஊரே சாட்சி. 1996 வைப்பகச் சட்டப்படி இங்கேயும் பதிவேட்டில் வைப்பகத்தின் பெயர்தான் நிற்கிறது. ஆனால் ஓட்டுரிமை நேரடியாகப் பங்கின் பயனாளிக்கே என்று சட்டம் சொல்கிறது. என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். இரண்டும் ஒவ்வொரு ஆளுக்கும் தனிக் கணக்கு வைத்திருக்கின்றன. என் இந்தியப் பங்குகளுக்கு ஓட்டுப் போடும்போது நடுவில் நாலு பேர் நிற்பதில்லை. நம்ம முறையிலும் குறைகள் உண்டு, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அமெரிக்காவை விட மேல்.

என்னைக் கேட்டால் அங்கே இரண்டு மாற்றம் போதும். ஒன்று, போட்ட ஓட்டு இறுதி எண்ணிக்கையில் ஏறியதா, எந்தப் பக்கம் ஏறியது என்று அடிமட்டப் பங்குதாரருக்குத் தெரிய வேண்டும். இரண்டு, வெற்றி வித்தியாசம் கடைசித் திருத்தத்தை விடக் குறைவாக இருந்தால், அந்த ஒரு இடத்துக்கு மட்டும் மறு ஓட்டு. செலவாகும்தான். ஏற்கனவே ஆறு கோடி டாலர் செலவழித்தது பதில் தெரியாமல் இருப்பதற்கா?

இதை எழுதும் முன் என் அமெரிக்கப் புரோக்கர் கணக்கைத் திறந்து அந்தப் பழைய ஓட்டைத் தேடினேன். "உங்கள் அறிவுறுத்தல் பெறப்பட்டது" என்று ஒரு வரி இருந்தது. பெறப்பட்டது, அவ்வளவுதான். எண்ணப்பட்டதா என்று எங்கேயும் இல்லை. அதற்கு மேலே, பத்து நாள் முன்னால் போட்ட முதல் ஓட்டுக்கும் அதே வரி.